மட்டக்களப்பில் படம் கீறப் போனேன்

செங்கலடிச் சந்தியில் எல்லோரும் பைகளோடு பஸ்ஸை விட்டு இறங்கி வரிசையில் நின்றோம். போர்நிறுத்தம் வந்த பிறகு சோதனை குறைந்துவிட்டது என்று கொழும்பில் சொல்லியிருந்தார்கள். எதைவிடக் குறைந்துவிட்டது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. என் முறை வந்ததும் இளம் சிப்பாய் ஒருவன் என் தோளில் தொங்கிய நீளக் குழாயையே பார்த்தான். ஓவியத் தாள்களைச் சுருட்டி வைக்கும் பிளாஸ்டிக் குழாய் அது. சென்னை பஸ்ஸில் அதைக் கண்டால் கண்டக்டர் திட்டுவார், அவ்வளவுதான். இங்கே மூன்று பேர் சற்று விலகி நின்றுகொண்டு என்னையே திறக்கச் சொன்னார்கள்.

உள்ளே இருந்ததெல்லாம் கல்லூரியில் நான் வரைந்தவை. ஒரு ஷாம்பு பாட்டில், ஒரு காபிக்கடையின் சின்னம், ஒரு கிரீம் பிஸ்கட் பாக்கெட். சிப்பாய் பிஸ்கட்டை மட்டும் இரண்டு கையாலும் பிடித்து வெயிலில் நீட்டிப் பார்த்தான். சிங்களத்தில் ஏதோ கேட்டான். இது எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்கிறான் என்று பின்னால் நின்ற பெண் சொன்னாள். எங்கும் கிடைக்காது, பயிற்சிக்காக வரைந்தது என்றேன். அதை அவள் சொன்னதும் அவன் முகம் விழுந்துவிட்டது.

"பசியைக் கிளப்பிப்போட்டு இல்லையெண்டு சொல்லுறா எண்டு அவருக்குக் கவலை" என்றாள் அவள். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அந்த வயதில் எனக்கு எல்லாமே பாராட்டாகத்தான் தெரிந்தது. சென்னையில் வடிவமைப்புப் படிப்பின் கடைசி வருடம். பாக்கெட்டுகளும் லேபிள்களும் செய்கிற பெங்களூர் நிறுவனம் ஒன்று, பரீட்சை முடிந்ததும் வந்து சேரச் சொல்லியிருந்தது. விடுமுறை முடிந்து திரும்பியதும் நான் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் சுகந்தி என்பவருடைய ஸ்டூடியோவைப் பார்க்க மட்டக்களப்புக்குக் கிளம்பியிருந்தேன். அவர் ஒருமுறை எங்கள் கல்லூரிக்கு வந்து தன் வேலைகளைக் காட்டினார். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் விளங்குகிற மாதிரி மிதிவெடி எச்சரிக்கைப் படங்கள் செய்கிறோம் என்றார். படங்கள் எனக்குப் பழைய பாடப்புத்தகம் போலத் தெரிந்தன. கேள்வி நேரத்தில் எழுந்து, இதை இன்னும் நன்றாகச் செய்யலாம் என்றேன். அவர் கோபப்படவில்லை. வந்து செய்து காட்டுங்கள் என்றார். வந்துவிட்டேன்.

மட்டக்களப்பில் இறங்கி ஆட்டோக்காரரிடம் ஸ்டூடியோவுக்குப் போக வேண்டும் என்றேன். அவர் கேள்வியே கேட்காமல் ஒரு போட்டோ ஸ்டூடியோ வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். நான் பேசுவதற்குள் கடைக்காரர் என்னை ஸ்டூலில் உட்கார வைத்து, கையில் சீப்பைக் கொடுத்து, நாடியைக் கொஞ்சம் தூக்கச் சொன்னார். கனடாவுக்கா, லண்டனுக்கா என்று மட்டும் கேட்டார். அந்த ஊரில் என் வயதில் ஸ்டூடியோவுக்கு வருகிறவர்கள் பாஸ்போர்ட் படத்துக்குத்தான் வருவார்களாம். நான் வெளிநாட்டிலிருந்து இங்கே வேலை பார்க்க வந்திருக்கிறேன் என்றதும் அவர் கேமராவை விட்டு நிமிர்ந்து என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். பிறகு வாசல் வரை வந்து வழி காட்டினார்.

அந்த வழி வாவிக்கரையோடு போனது. ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர். நான் திருப்பூர்க்காரி. எங்கள் நொய்யல் ஆறு சாயப்பட்டறைகளின் புண்ணியத்தில் தினம் ஒரு நிறத்தில் ஓடும். இவ்வளவு தண்ணீர் தன் சொந்த நிறத்தில் கிடப்பதைப் பார்க்க எனக்குப் புதிதாக இருந்தது. ஒருவர் தோணியில் நின்றபடி வலை வீசினார். அவருக்குப் பின்னால் பாலத்தில் மணல் மூட்டைக் காவலரண். இரண்டையும் ஒரே சட்டகத்தில் பார்க்க அந்த ஊர்க்காரர்களுக்குப் பழகிவிட்டிருந்தது.

சுகந்தியின் ஸ்டூடியோ ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது. காலையும் மாலையும் பாண் என்கிற ரொட்டி வேகும் வாசம் மேலே ஏறி வந்து மைவாசத்தோடு கலக்கும். சுகந்திக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கொழும்பில் பாடப்புத்தகங்களுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தவர், போர்நிறுத்தம் வந்ததும் சொந்த ஊருக்குத் திரும்பி இதைத் தொடங்கியிருந்தார். கூட்டாளி நஸீர், காத்தான்குடிக்காரர். திரை அச்சுப் பலகைகளும் மையும் அவர் பொறுப்பு. ஓட்டை வேன் ஒன்றும் அவர் பொறுப்பில் இருந்தது.

"கயல் நல்லாக் கீறுவா எண்டு சுகந்தி சொன்னவ" என்று நஸீர் வரவேற்றபோது எனக்கு ஒரு கணம் திக்கென்றது. எங்கள் ஊரில் கீறினால் ரத்தம் வரும். இங்கே படம் வரைவதைத்தான் கீறுவது என்கிறார்கள் என்று புரிய இரண்டு வாக்கியம் தேவைப்பட்டது. சாப்பாடு அவர் வீட்டிலிருந்து வந்தது. இடியப்பம், நண்டுக்கறி, முடிவில் மண்சட்டியில் எருமைத்தயிரும் அதன் மேல் கித்துள் பாணி என்கிற பாகும். தயிரைக் கரண்டியால் வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. தயிருக்கு உப்பும் ஊறுகாயும்தான் என்று வளர்ந்தவள், இனிப்போடு மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் வேலை தொடங்கியது. பள்ளிக்கூடங்களில் ஒட்டுவதற்கு ஒரு படம் வேண்டும். வெடிக்காமல் மண்ணில் கிடக்கும் குண்டைக் கண்டால் தொடாதே என்று அது சொல்ல வேண்டும். பழைய படத்தில் வாலில் சிறகுகள் வைத்த ஒரு மார்ட்டர் குண்டு பச்சை நிறத்தில், பளபளப்பாக, கடையில் விற்பனைக்கு வைத்ததுபோல் இருந்தது. மண்ணில் கிடந்தால் இப்படியா இருக்கும் என்று கேட்டேன். துருப்பிடித்து, வால் நசுங்கி, பாதி சேற்றில் புதைந்துதானே கிடக்கும். அப்படிக் கீறினால் உருவம் தெளியாது என்றார் சுகந்தி. பிள்ளைகளுக்கு விளிம்பு சுத்தமாகத் தெரிய வேண்டும். அதோடு மூன்று நிறத்தில்தான் அச்சடிக்க முடியும், துருவுக்கு நாலாவது நிறத்துக்கு எங்கே போவது?

இந்த இடத்தில் எனக்குக் கை கொடுத்தது கல்லூரியில்லை, வீடு. அப்பா திருப்பூரில் பனியன்களுக்குத் திரை அச்சு போடுகிறவர். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து நான் மைக்குள்தான் வளர்ந்தேன். சிவப்பைப் புள்ளிபுள்ளியாகப் போட்டு அதன்மேல் கறுப்பைச் சற்றுத் தள்ளித் தள்ளிப் புள்ளிகளாக இறக்கினால் தூரத்திலிருந்து துருவாகத் தெரியும். நஸீருடைய பலகையில் ஒன்று அடித்துக் காட்டினேன். அவர் அதைச் சுவரில் ஒட்டிவிட்டு அறையின் மறுகோடிக்குப் போய்ப் பார்த்தார். பழைய இரும்பு மாதிரித்தான் இருக்கிறது என்றார். சுகந்தி ஒத்துக்கொண்டார்.

படத்தின் மற்ற பாதியில் எனக்கு இன்னும் அதிக நம்பிக்கை. குண்டை நோக்கி நீளும் ஒரு கை. மணிக்கட்டோடு வெட்டி நிறுத்திய சட்டகம். கையின் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. வெள்ளைத் தாளில் வேறு எதுவும் இல்லை. கல்லூரியில் காட்டியிருந்தால் கை தட்டியிருப்பார்கள். சுகந்தி வெகுநேரம் பார்த்தார். பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். எனக்குப் பிடித்து என்ன ஆகப்போகிறது, நாளைக்குக் கரடியனாற்றுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் கேட்போம் என்றார்.

மூன்றாம் நாள் நஸீர் எங்களை வேனில் செங்கலடி வரை கொண்டுவந்து விட்டார். அங்கிருந்து பதுளை வீதியில் திரும்பினால் ராணுவத்தின் கடைசிச் சாவடி. பிறகு யாரும் இல்லாத கொஞ்ச தூரம். அதைத் தாண்டினால் போராளி இயக்கத்தின் சாவடி. அப்பால் எல்லாம் அவர்கள் ஆட்சி. நீங்கள் வரவில்லையா என்று நஸீரிடம் கேட்டேன். தனக்கு அங்கால சோலி இல்லை என்று சொல்லி வேனைத் திருப்பிக்கொண்டார். நடந்து போகையில் சுகந்தி சொன்னார், அங்கே நஸீரின் வாப்பாவுக்கு வயல் இருக்கிறது. சண்டை தொடங்கிய பிறகு, முஸ்லிம்கள் என்பதால், அந்தக் குடும்பத்தில் யாரும் அந்த வயலைப் போய்ப் பார்க்க முடிந்ததில்லை. அவர் அச்சடிக்கிற படங்கள் மட்டும் வரப்பைத் தாண்டிப் போய்வருகின்றன.

இரண்டாவது சாவடிக்கு அப்பால் லாண்ட்மாஸ்டர் என்கிற சின்ன உழவு இயந்திரத்தின் பெட்டியில் இடம் கிடைத்தது. மாரி மழை பெய்து ஓய்ந்த நேரம். ஒரு வாய்க்காலைக் கடக்கையில் சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். தள்ளுகையில் என் செருப்பு ஒன்று சேற்றுக்குள் போனது, போனதுதான். பக்கத்தில் தள்ளிய பெண், அது முளைத்தால் அடுத்த போகத்துக்குச் சோடியாக வெட்டலாம் என்றாள். நான் ஒற்றைச் செருப்பையும் கழற்றிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வெறுங்காலோடு பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தேன்.

அது ஓலைக்கூரையும் அரைச்சுவரும் கொண்ட வகுப்பு. டீச்சர் ஒருவர்தான் இரண்டு வகுப்புக்கும். சுகந்தி படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பிள்ளைகள் முன்னால் நின்றார். எந்த விளக்கமும் சொல்லக்கூடாது என்பது அவருடைய முறை. இதில் என்ன தெரிகிறது என்று மட்டும் கேட்டார்.

"கை" என்றான் முதல் வரிசைப் பையன்.

சரி, கை. கைக்கு என்ன?

"வெட்டுப்பட்ட கை" என்றாள் அடுத்தவள். ஷெல் விழுந்து அறுந்த கை என்று இன்னொருவன் திருத்தினான். சிவப்புக் குறி என்ன என்று கேட்டபோது அது ஆஸ்பத்திரி என்றார்கள். அறுந்த கையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், அதுதான் படம். வகுப்பு முழுக்க ஒரே கருத்து. யாரும் பயப்படவில்லை, தெரிந்த விஷயத்தைச் சொல்லும் குரலில் சொன்னார்கள். எனக்குக் காது சுட்டது. மணிக்கட்டோடு வெட்டிய சட்டகம் அழகு என்று நான் நினைத்தபோது, உடம்பில்லாத கையைக் கண்ணால் பார்த்த பிள்ளைகள் உலகத்தில் இருப்பார்கள் என்பது என் நினைவில் இல்லை.

சுகந்தி படத்தைச் சுருட்டப் போனார். அப்போது பின்வரிசையில் ஒரு சிறுமி எழுந்து நின்றாள். பெயர் தர்சினி. கேட்பதா வேண்டாமா என்று யோசிக்கிறவள்போல் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் தலையசைத்தார்.

"மத்தது எங்கட வீட்ட இரிக்கு, டீச்சர்."

எது என்று கேட்டார் டீச்சர்.

"அந்த இரும்பு. கோழிக்கூட்டடியில."

சுகந்தி மறுபடி படத்தை விரித்தார். தர்சினி முன்னால் வந்து என் துருப்பிடித்த குண்டின் வாலைத் தொட்டுக் காட்டி, எங்களுடையதில் ஒரு சிறகு இல்லை என்றாள். அப்பா வட்டையில் உழும்போது எடுத்துவந்தாராம். வட்டை என்றால் இங்கே வயல்வெளி. பழைய இரும்பு வாங்குகிறவர் வரும்வரை கிடக்கட்டும் என்று வைத்தது, கூட்டுக்கதவு திறந்துகொள்ளாமல் இருக்க நல்ல பாரமாக இருந்ததால் அங்கேயே தங்கிவிட்டது. முன்பு ஒட்டிய பச்சை நிறப் படங்களை அவளும் பார்த்திருக்கிறாள். அவை குண்டுகள், இது இரும்பு. அப்படித்தான் அந்த வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

பிள்ளைகளை யாரும் வெளியே விடக்கூடாது என்று பெரிய வகுப்புப் பெண் ஒருத்தியிடம் சொல்லிவிட்டு டீச்சர் எங்களோடு வந்தார். வீட்டைக் காட்ட தர்சினியும் வந்தாள். அவளுடைய அம்மா முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சுகந்தி வேலிக்கு வெளியிலேயே நின்று, அவசரமில்லாத குரலில், அக்கா, கொஞ்சம் இங்கால வாங்க, ஒரு கதை இருக்கு என்று கூப்பிட்டார். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் கத்தவில்லை. கூட்டைத் திரும்பிப் பார்த்தார். அங்கே கதவோரம் அது சாய்ந்து கிடந்தது. உள்ளே கோழிகள் கொக்கரித்தன. அன்று மழை இருட்டாக இருந்ததால் இன்னும் அவற்றைத் திறந்துவிடவில்லை.

"ஒவ்வொரு நாளும் காலால தள்ளித்தானே நான் கூட்டைத் திறக்கிற" என்றார்.

அடுத்த வீடுகளிலிருந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு வயலுக்கு அப்பால் போனோம். டீச்சர் ஒரு சைக்கிள்காரரைப் பிடித்து மிதிவெடி அகற்றும் குழுவுக்குச் சொல்லி அனுப்பினார். மறுநாள் காலையில்தான் வர முடியும் என்று பதில் வந்தது. சுகந்தி பையில் வைத்திருந்த சிவப்புக் கயிற்றை வயலின் இந்தக் கரையில் குறுக்கே கட்டிவிட்டு எல்லோரும் தள்ளி நின்றோம். தர்சினியின் அம்மாவுக்கு இப்போது பயமெல்லாம் கோழிகள்மேல் திரும்பியிருந்தது. பகல் முழுக்கத் தண்ணீரில்லாமல் கிடக்குமே என்றார். யாரோ நீளத் தடியால் தள்ளித் திறக்கலாம் என்றதும் ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் அந்த ஆளை அதட்டி உட்கார வைத்தார்கள். கயிற்றோரம் தர்சினி கூட்டையே பார்த்தபடி நின்றாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துப் பிடித்திருந்தாள். யாரும் அவளை அப்படி நிற்கச் சொல்லவில்லை. நான் பையிலிருந்து தாளை எடுத்து அவள் நின்ற விதத்தை வரைந்துகொண்டேன்.

அன்று திரும்ப முடியவில்லை. டீச்சர் வீட்டில் சிவப்பரிசிச் சோறும் குளத்து மீனும் சாப்பிட்டு அங்கேயே தங்கினோம். காலையில் குழு வந்தது. கவசம் போட்ட இருவர் கூட்டுக்குப் போனார்கள். அசைப்பது ஆபத்தில்லை என்று பார்த்து உறுதி செய்த பிறகு, குழந்தையைத் தூக்குவதுபோல் அதை மணல் பெட்டிக்குள் வைத்துத் தூரத்துத் தரிசு நிலத்துக்குக் கொண்டுபோய்ப் புதைத்து வெடிக்க வைத்தார்கள். சத்தம் வயிற்றில் விழுந்தது. என்னைத் தவிர எல்லோரும் அதற்கு முன்பே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தர்சினியின் அம்மா மட்டும் எழுந்து வீட்டுப் பக்கம் ஓடினார். கூட்டைத் திறந்துவிட்டதும் கோழிகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு தண்ணீருக்கு ஓடின. வழியனுப்பும்போது வைக்கோல் சுற்றிய முட்டைகளை என் மடியில் வைத்தார். லாண்ட்மாஸ்டர் குலுக்கலில் அவற்றைக் காப்பாற்றி மட்டக்களப்பு வரை கொண்டுவந்தது, அந்தப் பயணத்தில் நான் செய்த சாதனைகளில் ஒன்று.

அடுத்த நாள் முழுக்கப் புதுப்படம். கையை எடுத்துவிட்டேன். சிவப்புக் குறியையும் எடுத்துவிட்டேன். துருப்பிடித்த குண்டு அப்படியே இருந்தது. அதற்குச் சில அடி தள்ளி ஒரு சிறுமி, முழு உடம்போடு, கைகளைப் பின்னால் கோத்து, ஒரு காலைப் பின்னுக்கு வைத்து நிற்கிறாள். சுகந்தி அவளுடைய புருவத்தை மட்டும் மாற்றச் சொன்னார். பயந்த முகத்தைப் பார்த்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள், யோசிக்கிற முகம் கீறு என்றார். அது சரியாக இருந்தது. நஸீரும் நானும் பலகைகளைத் தயார் செய்து சாயங்காலத்துக்குள் அடித்து முடித்தோம். அறைக்குக் குறுக்கே கட்டிய கயிறுகளில் தாள்கள் காய்ந்தன.

கீழே வலது மூலையில் என் பெயரைச் சிறியதாகப் போடலாமா என்று கேட்டேன். கல்லூரியில் அப்படித்தான் செய்வோம். நஸீர் சுகந்தியைப் பார்த்தார். இங்கே எங்கள் பெயரும் இல்லை, கவனித்தாயா என்றார் சுகந்தி. தமிழ்ப் பெயரைப் பார்த்தால் ஒரு ஊரில் கிழித்துவிடுவார்கள், முஸ்லிம் பெயரைப் பார்த்தால் இன்னொரு ஊரில். படம் எல்லாச் சுவரிலும் இருக்க வேண்டுமென்றால் பெயர் எந்தச் சுவரிலும் இருக்கக்கூடாது. எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. ஆனால் நூறு பேர் பார்க்கும் கண்காட்சியில் பெயரோடு தொங்குவதையும், ஒரு சிறுமி எழுந்து நின்று எங்கள் வீட்டில் இருக்கிறது என்று சொல்வதையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கீழே பேக்கரியில் தேநீர் குடிக்கும்போது கேட்டேன், படிப்பு முடிந்ததும் வந்தால் ஒரு வருடம் வைத்துக்கொள்வீர்களா.

"சண்டை திரும்பத் தொடங்கினா என்ன செய்வா?" என்றார் சுகந்தி.

"நீங்க என்னக்கா செய்வீங்க?"

"நான் இஞ்சதான் இரிப்பன். எனக்கு இது ஊர். உனக்கு இது வேலை. யோசிச்சுச் சொல்லு."

யோசித்தேன். பெங்களூர் போனாலும் நன்றாகச் செய்வேன் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அங்கே என்னைப்போல் செய்ய இன்னும் பலர் வரிசையில் நிற்கிறார்கள் என்பதிலும் சந்தேகம் இருக்கவில்லை. தேநீர் முடிவதற்குள் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அங்கிருந்து நேராகத் தெருமுனைத் தொலைபேசிக் கடைக்குப் போய்த் திருப்பூருக்குப் பேசினேன். அப்பா எடுத்தார். பின்னால் பட்டறைச் சத்தம். பெங்களூர் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன், இங்கே வரப்போகிறேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். தர்சினி, கோழிக்கூடு, படம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா யாரையோ மெஷினை நிறுத்தச் சொன்னார். சத்தம் அடங்கியது.

"எத்தன கலருல அடிச்சீங்க கண்ணு?" என்றார்.

மூன்று என்றேன்.

"தண்ணிக்குப் பக்கத்துல இருக்கற ஊரு. காத்துல ஈரம் இருக்கும். மூணாவது கலர அவசரப்பட்டு எறக்கீராதீங்க, ரெண்டாவது நல்லாக் காயட்டும்."

சரிங்கப்பா என்றேன்.